ரொறன்ரோ – கட்டுநாயக்கா, நேர் விமானம் இல்லை

யூலை 16, புதன்

கச்சான் காற்று இன்றைக்கும். யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புழுதி. அம்மாவின் படுக்கை விரிப்புகள் மட்டும் கொடியில் போட்ட கையோடு காய்ந்துவிடுகின்றன. இந்தக் காற்றால் வேறு ஒரு பிரயோசனமும் இல்லை.

காலையில் கனடாக்காரர் போன் எடுத்தார். கூடப் பிறந்தவர், ஒரே அண்ணன். முகத்துக்கு நேரே அண்ணா என்பேன். இங்கே அப்படி எழுத எனக்கு மனமில்லை.

"அம்மா எப்பிடி?"

"அப்பிடியே."

"டொக்டர் என்ன சொல்லுறார்? எவ்வளவு நாளெண்டு ஏதும் சொன்னவரோ?"

"டொக்டர் சாத்திரம் பாக்கிறேல்லை அண்ணா."

"பவானி, நான் பகிடிக்குக் கேக்கேல்லை. எனக்கு ஒரு லீவுதான் தருவாங்கள். இப்ப வந்திட்டுப் போனா, பிறகு நடக்கேக்குள்ள வர ஏலாது. அதுதான் எப்ப வாறதெண்டு யோசிக்கிறன்."

நடக்கேக்குள்ள. என்னவோ கல்யாணம் நடக்கப் போகிற மாதிரி. மண்டபம் எடுத்தாச்சு, பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு, பொம்பிளை மட்டும் இன்னும் சாகவில்லை.

அப்பா செத்தபோது இவர் வந்து சேர முதல் எரித்து முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன். அது இவருக்கு இன்னும் ஆறவில்லை. அம்மாவுக்காவது தான் வைக்க வேண்டுமாம், மூத்த பிள்ளை, ஒரே ஆம்பிளைப் பிள்ளை. ஆசை சரிதான். ஆனால் அம்மாவின் ஆசை அதுவல்ல. அம்மா ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "அவன் வாறானோ?" செத்த பிறகு வருவானோ என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

"பதினாலாயிரம் கிலோமீற்றர் பவானி. நினைச்சவுடன பஸ் ஏறி வர ஏலுமே?"

இடையில் இருக்கிற கடல் முழுவதையும் நான்தான் கொண்டுபோய் ஊற்றிவிட்டேன் போல.

பின்னேரம் பால்மா முடிந்தது. கடைக்குப் போகப் பஞ்சி, நாளைக்குப் பார்ப்போம்.

யூலை 17, வியாழன்

வாங்க: சவர்க்காரம், தோடம்பழம், பால்மா, அம்மா உறிஞ்சிக் குடிக்கக் குழாய். மீன் வேண்டாம். விலையைக் கேட்டாலே வயிறு நிறைகிறது.

டொக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். இருதயம் களைத்துப் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய இனி ஒன்றுமில்லை, வீட்டில் வைத்திருப்பதுதான் நல்லது. "கிழமையோ மாதமோ, சொல்ல ஏலாது டீச்சர்." நல்ல மனிசன். வாசலில் வைத்துத்தான் சொன்னார். அம்மாவுக்குக் காது நல்லாகக் கேட்கும், அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் தூரம் சொல்கிறது. ரொறன்ரோ, கொழும்பு. பதினாலாயிரம் சரிதான். கனடாக்காரர் இதில் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். பறக்கிற நேரம் பதினேழு மணித்தியாலமளவில் என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் நேர் விமானம் இல்லை. அப்படியானால் அந்தப் பதினேழு யாருக்கு? காகத்துக்கா?

படத்தில் கோடு கிறீன்லாந்தின் மேலால் வளைந்து, ருசியாவைத் தாண்டி இறங்குகிறது. பத்தாம் வகுப்புக்கு இதைத்தான் படிப்பிக்கிறேன், உருண்டையில் நேர்வழி வளைவாகத்தான் தெரியும் என்று. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நிஜத்தில் எல்லோரும் கட்டாரில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம் ஏறித்தான் வருகிறார்கள். அதிலும் பெரிய விசர் என்னவென்றால், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் பின்படியில் நின்றால் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில் சின்ன விமானம் இறங்குவது தெரியும். வெளிநாட்டால் வருகிறவன் நாட்டின் மற்றக் கரையில், கட்டுநாயக்காவில் இறங்கி, வான் பிடித்து ஆறு மணித்தியாலம் குலுங்கி வரவேண்டும்.

இதெல்லாம் எனக்கு எதற்கு? யார் வரப்போகிறார்கள்?

இரவுக் கஞ்சி மூன்று கரண்டி. பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"உப்பில்லை."

"உப்புப் போடக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர் அம்மா."

"அவர் சாப்பிடட்டும் அப்ப."

நல்லது. கோபிக்கத் தெம்பு இருக்கிறது.

யூலை 18, வெள்ளி

விடிய அம்மாவுக்கு மூச்சு எடுக்கவில்லை. கண் மேலே போய்விட்டது. பரீதா நல்ல காலம் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்து அம்மாவைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைப்பவள். அவள் அம்மாவை நிமிர்த்திப் பிடிக்க, நான் குளிசையை நாக்கின் கீழ் வைத்தேன். கனடாவுக்குப் போன் எடுத்தேன். லைன் கரகர.

"என்ன, என்ன?"

"அண்ணா, ஆள் மோசம் –"

அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தால் போகவில்லை.

டொக்டர் வந்து ஊசி போட்டார். ஒன்பது மணிக்கு அம்மா கண்ணைத் திறந்து தேத்தண்ணி கேட்டார். பரீதா அழுதுவிட்டாள். நான் அழவில்லை, காலையிலிருந்து ஒன்றுக்குக்கூடப் போகவில்லை, முதலில் அதுக்குப் போனேன்.

வந்து பார்த்தால் மெசேஜ்.

"டிக்கெட் போட்டாச்சு. நாளைக்குப் பின்னேரம் இங்கை ஏறுறன். எம்பாம் பண்ணி உடம்பை வைச்சிருக்கச் சொல்லு. நான் வரும்வரைக்கும் எடுக்க வேண்டாம். கொள்ளி நான்தான்."

இரண்டு முறை வாசித்த பிறகுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் மோசம் இரண்டு. வருத்தம் கடுமையென்றாலும் மோசம், ஆள் முடிந்தாலும் மோசம். எது என்பது சொல்கிறவரின் குரலில்தான் இருக்கும். குரல் கடலுக்குள் போய்விட்டது, சொல் மட்டும் கனடா போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அம்மா உயிரோடைதான் இருக்கிறா, நீங்கள் பிழையாய் விளங்கிட்டியள்" என்று அடித்தேன். அனுப்ப விரல் போனது. சாகப் போகிறார் என்றதற்கு நாள் பார்த்த மனிசன், செத்துவிட்டார் என்றதும் ஒரு மணித்தியாலத்தில் டிக்கெட் போட்டிருக்கிறார். அடித்ததை அழித்தேன்.

"வாங்கோ அண்ணா. நீங்கள் வரும்வரைக்கும் எடுக்கமாட்டம்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பரீதாவிடம் சொன்னேன். கையிலிருந்த துவாயை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"டீச்சர், இது பாவமில்லியா?"

"ஆருக்கு?"

யோசித்தாள். "உம்மாவுக்கு இல்ல," என்றாள். "எங்கட தம்பிட வான அனுப்பட்டா எயார்போட்டுக்கு?"

அம்மாவின் காதுக்குள் குனிந்து சொன்னேன், அண்ணா வாறார் என்று.

"உண்மையாவோ?"

"ஓம். ஞாயிற்றுக்கிழமை இஞ்ச நிப்பார்."

சீப்பை எடுத்துத் தலை இழுத்துவிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளிக்கிழமையே தலை இழுப்பு. மத்தியானம் ஏழு கரண்டி.

யூலை 19, சனி

காற்று இல்லை. வெக்கை.

காலையில் பரீதா போனை நீட்டினாள். இணையத்தில் மரண அறிவித்தல். பேரும் ஊரும் படமும் பூவும் விளக்கும். திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட எங்கள் அம்மா நேற்று இறைபதம் எய்தினார். படம் இவருடைய கல்யாணத்தில் எடுத்தது, பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்திருக்கிறார்கள், என் தோள் மட்டும் மிச்சம். அன்புத் தாயாரும், பாசமிகு மாமியாரும், பேர்த்தியும் அவளுடைய பட்டமும் எல்லாம் வரிசையாக. கடைசியில் பவாணி. இரண்டு சுழி வரவேண்டிய இடத்தில் மூன்று. ஐம்பத்திரண்டு வருடத்துத் தங்கச்சியின் பெயர்.

"அன்னாரின் இறுதிக்கிரியை மகன் கனடாவிலிருந்து வந்ததும் நடைபெறும்." மகள் சந்தையால் வந்ததும் என்று யார் போடுவார்கள்.

பத்து மணியிலிருந்து சனம். முதலில் அடுத்த வீட்டுச் சண்முகம் மாமா, வெள்ளை வேட்டி, கையில் பூமாலை, முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அம்மாவைக் கண்டதும் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சண்முகம், ஆரின்ர வீட்டில செத்தவீடு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன்.

"இல்லை அக்கா, சும்மா... கோயிலுக்கு," என்றார்.

"மாலையை இஞ்ச வைச்சிட்டுப் போறியே, சாமிக்கு?"

மாலையைச் சாமியறையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். பிறகு என்னுடைய பள்ளிக்கூடத்து ஆட்கள், ஒரு வான் நிறைய. அதன் பிறகு கேற்றில் பரீதாவை நிற்க வைத்தேன். "உம்மா இருக்காங்க, பிழையாப் போட்டுட்டாங்க" என்று அவள் சொல்லிச் சொல்லி, பின்னேரம் தொண்டை கட்டிவிட்டது. வந்தவர்களில் ஒரு மனிசி, நம்பாமல், எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றாளாம். ஏமாற்றமாகத் திரும்பினாள் என்று பரீதா சொன்னாள்.

யார் எழுதினார்களோ, அம்மா இருக்கிற சேதி கனடாவுக்கும் போய்விட்டது. விளக்கு வைக்கிற நேரம் அழைப்பு. கட்டாரிலிருந்து.

"பவானி, அம்மா இருக்கிறாவாம்."

"ஓம்."

"நீ மோசம் எண்டு சொன்னனி."

"மோசமாத்தான் இருந்தவ. மிச்சம் சொல்ல முதல் லைன் அறுந்திட்டுது, நீங்கள் திரும்ப எடுத்துக் கேக்கேல்லை."

"நேற்று மெசேஜிலை ஏன் சொல்லேல்லை? எடுக்கமாட்டம் எண்டு எழுதியிருக்கிறாய்."

"எடுக்கேல்லைத்தானே."

பின்னால் அறிவிப்புச் சத்தம், அரபியில், பிறகு ஆங்கிலத்தில். அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"எனக்குத் தந்த லீவு சாவுக்கு. விளங்குதோ? இனி உண்மையா நடந்தா நான் வர ஏலாது. நான் இஞ்ச இருந்தே திரும்பிப் போறன்."

என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டது ஒன்று.

"அங்கயிருந்து கனடாவுக்கு எவ்வளவு நேரம்?"

"...பதின்மூண்டு மணித்தியாலம்."

"இஞ்ச?"

ஏதோ கடதாசி புரட்டுகிற சத்தம்.

"அஞ்சும் இல்லை அண்ணா. அம்மா நேற்றே தலை இழுத்திட்டு இருக்கிறா. திரும்பிப் போறதெண்டால் போங்கோ. ஆனால் அதை அவவிட்டை நீங்கள் சொல்லுங்கோ. இந்தா, குடுக்கிறன்."

போனை அம்மாவின் காதில் வைத்தேன். "வெளிக்கிட்டிட்டியே ராசா?" என்றார் அம்மா. அந்தப் பக்கம் என்ன கதை என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா "ஓம், ஓம்" என்றார். பிறகு போனைத் தலைகீழாக என்னிடம் தந்தார்.

வருகிறாரோ இல்லையோ, தெரியாது. வானை அனுப்பியாச்சு.

யூலை 20, ஞாயிறு

வந்துவிட்டார். காலை பத்து மணிபோல. வயிறு வைத்து, தலை முன்பக்கம் வெளித்து, கால் இரண்டும் வீங்கிச் சப்பாத்துப் போட முடியாமல் செருப்போடு. என்னோடு ஒரு வார்த்தை இல்லை. நேரே கட்டிலடிக்கு.

அம்மாவின் முகத்தை நான் எழுதப் போவதில்லை. ஏழு மாதமாக அந்த முகத்தைக் கழுவுகிறேன், எனக்கு அப்படி ஒருநாளும் திறக்கவில்லை. பொறாமைதான். இருக்கட்டும்.

"மெலிஞ்சு போனாய்," என்றார் அம்மா. அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு.

கஞ்சியை என் கையிலிருந்து வாங்கி அவரே பருக்கினார். கோப்பை முழுக்க முடிந்தது. உப்பில்லை என்ற கதையே இல்லை. முடிந்ததும் அம்மா என் பக்கம் கையைக் காட்டி அவருக்குச் சொன்னார்:

"இவள் எனக்கு ஒண்டும் தாறேல்லை தம்பி."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அந்தக் கோப்பையாலேயே எறிந்திருப்பேன். பரீதா பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பையைத் திறந்தபோது மேலே புது வெள்ளை வேட்டி, லேபல் கிழிக்காமல். சட்டென்று சேர்ட்டுகளுக்கு அடியில் தள்ளினார். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

யூலை 21, திங்கள்

குசினியில் தொடங்கிய சண்டை முன்னறைக்கு வந்துவிட்டது.

"நீ என்னை ஏமாத்திக் கூப்பிட்டனி."

"கூப்பிட்டால் வாற ஆளாயிருந்தால் ஏன் ஏமாத்த?"

"உனக்கென்ன தெரியும் அங்கத்தைச் சீவியம்? அப்பாவுக்குத்தான் ஏலாமல் போச்சு. அம்மாவுக்கும் ஆரோ ஒருத்தன் கொள்ளி வைக்கப் போறான். நான் இருந்தும் இல்லாத மாதிரி. ஊர் என்ன கதைக்கும்?"

இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. நடிப்பில்லை. எனக்குப் பாவமாகக்கூட இருந்திருக்கும், கடைசியில் ஊரை இழுக்காவிட்டால்.

"ஊருக்காகத்தான் வாறதெண்டால் ஊரோடையே நிண்டிருக்கலாம், அம்மாவின்ர கட்டிலடிக்கு ஏன்?"

"நிப்பாட்டுங்கோ."

இரண்டு பேரும் திரும்பினோம். அம்மா முழித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"தம்பி, நீ அதுக்கு வரவேண்டாம். பவானி வைக்கட்டும்."

"அம்மா, பொம்பிளைப் பிள்ளை –"

"ஐயர் கேட்டால் நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ. அவள்தான் வைக்க வேணும். சொல்லிப்போட்டன்."

அவர் கட்டிலில் தலையை வைத்து அழுதார். நான் குசினிக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன். எனக்கு வந்த சந்தோசத்தை யாரும் பார்க்கக் கூடாது. ஏழு மாதம் சலமும் மலமும் துடைத்ததற்கு ஒரு சொல் வரவில்லையே என்று எரிந்துகொண்டிருந்தவள் நான். இதைவிட என்ன சொல் வேண்டும்?

மத்தியானம் கனடாக்காரர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். நண்டுக் குழம்பு. பாரம் இறங்கினால் பசிக்கும்தானே.

யூலை 22, செவ்வாய்

காற்று திரும்பவும். மா இடிக்கக் கொடுத்தது வரவில்லை. போன் கட்டணம்.

அவரோடு கொஞ்சம் கதைத்தேன். பின்படியில் நின்று சீனக்குடாப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன விமானம் இறங்கியது. "இதிலை நேர வந்து இறங்கக்கூடியதா இருந்தா..." என்றார். நானும் அதையே நினைப்பதுண்டு என்று சொல்லவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன்.

அம்மாவை இன்றைக்கு நான் துடைத்தபோது கை மெதுவாகப் போனது. பரீதா கவனித்திருக்கிறாள். "டீச்சர் இன்டைக்கு ஏசவே இல்ல," என்றாள். வாயை மூடு என்றேன்.

யூலை 24, வியாழன்

விடிய வான் வந்தது. இன்னும் ஒரு கிழமை நிற்கலாமே என்று கேட்டேன், மெய்யாகவே கேட்டேன். ஏலாதாம், பிழையான லீவு, பிரச்சினை வரும். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "போயிட்டு வா ராசா." போய்விட்டார். கேற்றில் நின்று "அம்மாவைப் பார்" என்றார் எனக்கு. பார்க்காமல் என்ன, பல்லாங்குழி விளையாடவா இருக்கிறேன். திரும்பியதும் அவருடைய தலையணையைக் கண்டு அழுகை வந்தது. என்ன கோதாரியோ.

பின்னேரம் மெசேஜ், ஏறிவிட்டாராம். அம்மாவுக்குச் சொன்னேன். விமானம் இப்போது எங்கே போகும் என்று கேட்டார். கட்டார், பிறகு கனடா என்றேன். எவ்வளவு நேரம் என்றார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார், நித்திரை என்று நினைத்தேன்.

தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தேன். மூன்று நாளாக என் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அம்மா, அண்டைக்குச் சொன்னியளே, நான்தான் வைக்க வேணுமெண்டு. மனசாரத்தான் சொன்னனீங்களோ?"

"எதை?"

"கொள்ளி."

"ஓ, அதுவோ." கண்ணைத் திறக்கவில்லை. "வேற என்ன செய்ய? பாவம், கால் ரெண்டும் வீங்கிப்போய் வந்தவன். அவ்வளவு தூரம் இன்னொருக்கா அவன் அலையக் கூடாதெண்டுதான் சொன்னனான்."

ஓம் என்றேன்.

கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆறிவிட்டதாம். வேறு போட்டுக்கொண்டு வரச் சொன்னார். போட்டுக்கொண்டு போனேன்.